டெபோரா டீச்சரின் கன்னம்

என் மனைவி டெபோராவுக்கு முகம்தான் தொழில் கருவி. சினிமாக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சராக இருக்கிறாள். சின்னப் பிள்ளைகளுக்குத் தங்கள் தொண்டையிலிருந்து குரலை எடுக்கக் கற்றுக் கொடுப்பது அவள் வேலை.

என் பெயர் கிங்ஸ்டன். நயினார்குளம் மார்க்கெட்டில் வாழைத்தார் மண்டி வைத்திருக்கிறேன். ஏலத்தில் கத்திக் கத்தி எனக்குக் குரல் பெருத்துவிட்டது, கோபமும் கூடவே பெருத்துவிட்டது. வீட்டுக்குள் உப்பு எங்கே என்று கேட்டால் தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். இப்பேர்ப்பட்டவனுக்கு இப்படி ஒரு டீச்சரைப் பார்த்து ஆண்டவர் முடித்து வைத்திருக்கிறார். அவருக்கும் விளையாட்டு உண்டு.

கல்யாணமான புதிதில் ஒருநாள் அவளை அழைத்து வரப் போனபோது அந்த வகுப்பைப் பார்த்தேன். ஒரு பையன் அவள் முன்னால் நின்று, ஒரு கையை அவள் கன்னத்திலும் இன்னொரு கையைத் தன் கன்னத்திலும் வைத்திருந்தான். டெபோரா உதட்டை மூடி ‘ம்’ என்றாள். அவள் கன்னத்தில் எழுந்த அதிர்வு அவன் உள்ளங்கையில் இறங்கியது. அதே அதிர்வைத் தன் கன்னத்தில் கொண்டுவர அவன் மூச்சை மாற்றி மாற்றிப் பார்த்தான். காதால் கேட்காத ஒன்றை அந்தப் பிள்ளைகள் கையால் தொட்டுத் தேடி எடுக்கிறார்கள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு உடம்பு சரியில்லையோ என்று டெபோரா பயந்துவிட்டாள்.

அந்தக் கன்னத்துக்குத்தான் வினை வந்தது.

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு அவளுக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. அவளுக்குப் பட்டது. “நாள் முழுக்க பிள்ளைங்க எல்லாம் எம் மூஞ்சியத்தானே பாக்குது” என்பாள். எங்கள் திருச்சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா ஒருத்தி, காலில் வந்த படைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த களிம்பைப் போட்டிருக்கிறாள். படை போனதோடு சுற்றியிருந்த தோலும் வெளுத்திருக்கிறது. உடனே அதை முகத்துக்கு ஏற்றிவிட்டாள். அங்கிருந்து அந்தக் களிம்பு சங்கம் முழுக்கச் சுற்றியது. ஓசியில் கிடைத்தால் ஃபினாயிலையும் குடிப்பான் என்று சும்மாவா சொன்னார்கள்? முதல் ட்யூப் ஓசி. அதற்குப் பிறகு மெடிக்கலில் போய்ப் பெயரைச் சொன்னால் போதும், சீட்டு எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

மங்கு மாயமாய்ப் போனது. முகம் உரித்த முட்டை மாதிரி ஆனது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெண்கள் பக்கம் முன்வரிசை முழுக்க ஒரே பளபளப்பு. வாழைத்தாரைக் கார்பைடு கல் போட்டுப் பழுக்க வைத்தால் இப்படித்தான், தோல் மட்டும் மஞ்சளாக ஜொலிக்கும். ஆனால் மனைவியைப் பார்க்கும்போது யாருக்கு வாழைத்தார் ஞாபகம் வரும்?

இரண்டு வருடம் போட்டாள். போகப் போக, ஒரு நாள் போடாவிட்டால் முகம் காந்த ஆரம்பித்தது. போட்டால் அடங்கியது. அதனால் மறுபடி போட்டாள்.

அப்போதுதான் ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான லெந்து நாட்கள் வந்தன. சாம்பல் புதனன்று எங்கள் ஐயர், எங்கள் பக்கத்தில் சபைப் பாதிரியாரை அப்படித்தான் சொல்வோம், “உங்களுக்கு எது ரொம்பப் பிரியமோ அத விட்டுட்டு வாங்க” என்று பிரசங்கித்தார். பலர் கறி மீனை விட்டார்கள். நான் டீயை விட்டேன், வீட்டில் இருந்தவர்கள்தான் பாவம் என் எரிச்சலைத் தாங்கி உபவாசம் இருந்தார்கள். டெபோரா யாரிடமும் சொல்லாமல் களிம்பை விட்டாள்.

ஒரு வாரம் போவதற்குள் முகம் வெடித்தது. கன்னம், மூக்கு, தாடை எல்லாம் சிவந்து தடித்து, பொடிப்பொடியாகக் கொப்புளம் எழும்பியது. காற்றுப் பட்டால் எரிந்தது. குளிர்ந்த தண்ணீர் பட்டாலும் எரிந்தது. என்ன செய்தாய் என்று கேட்டபோதுதான் களிம்பை விட்ட கதையைச் சொன்னாள்.

“டாக்டர்ட்ட போவோம், கெளம்பு” என்றேன்.

“லெந்து முடியட்டும். உள்ள இருந்த பெருமைய ஆண்டவர் வெளிய எடுத்துக் காட்டுதாரு. நாந்தான் சுமக்கணும்.”

“லெந்துல வைத்தியம் பாக்கக் கூடாதுன்னு பைபிள்ல எந்த அதிகாரத்துலட்டி போட்டுருக்கு?”

மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்று தலைமுறையாக டீச்சர் வேலை பார்க்கும் குடும்பம் அவளுடையது. பிடிவாதத்தையும் ஜெபத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பிசைந்து வைத்திருப்பார்கள், பிரிக்க முடியாது. நான் அந்த ட்யூபைத் தூக்கிக்கொண்டு மெடிக்கலில் சண்டைக்குப் போனேன். கடைக்காரர், “நீங்க கேட்டிய, நாங்க தந்தோம் அண்ணாச்சி” என்றார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. கத்திவிட்டு, அதே ட்யூபை மறுபடி பையில் போட்டுக்கொண்டு வந்து பீரோவில் வைத்தேன்.

அவள் பிடிவாதத்தை உடைத்தது நான் இல்லை, கலைச்செல்வி.

கலைச்செல்விக்கு ஆறு வயது. பாபநாசத்துக்குக் கீழே ஒரு சின்ன ஊர், அப்பாவும் அம்மாவும் வயல்வேலைக்குப் போகிறவர்கள். விடுதியில் தங்கிப் படித்தாள். கையால் ஆயிரம் பேசுவாள், ஒரு நிமிடம் சும்மா இருக்க மாட்டாள். ஆனால் குரல் மட்டும் பிடிபடவில்லை. தை மாதமெல்லாம் சாப்பிட உட்கார்ந்தால் டெபோராவுக்கு அந்தப் பேச்சுதான். “மூச்சு நடுங்குது. இன்னும் கொஞ்சந்தான், வந்துரும்” என்பாள். ஓடையில் தண்ணீர் வரப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிற விவசாயி மாதிரி காத்திருந்தாள்.

முகம் வெடித்த பிறகு டெபோரா முகக்கவசம் போட்டுக்கொண்டு போனாள். உதடு தெரியாமல் அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் ஏது? வகுப்பே ஆளாளுக்கு ஒரு பக்கம் திரும்பிவிட்டது. வேறு வழியில்லாமல் கழற்றினாள். கழற்றியதும் கலைச்செல்வி ஓடிவந்து வழக்கம்போல உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்தாள். டெபோரா பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். ஆனால் உடம்பு கேட்கவில்லை, முகம் சுளித்து விலகிவிட்டது.

பிள்ளை தன் கையைப் பார்த்தாள். டீச்சரின் கன்னத்தைப் பார்த்தாள். பிறகு கையால் சொன்னாள்: என் கை, நெருப்பு, டீச்சர் முகம்.

தான் தொட்டுத் தொட்டுத்தான் டீச்சர் முகம் இப்படி வெந்துபோனது என்று முடிவு கட்டிவிட்டாள். டெபோரா இல்லை இல்லை என்று கையால் எத்தனையோ விதமாகச் சொன்னாள். அந்தப் பிள்ளைகள் கை சொல்வதைவிட முகம் சொல்வதைத்தான் நம்புவார்கள், முகமோ வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து கலைச்செல்வி குரல் வகுப்பில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று சாயங்காலம் டெபோரா அடுப்படியில் நின்று அழுதாள். கண்ணீர் பட்டு முகம் இன்னும் எரிந்தது. “எம் மூஞ்சி போனாப் போவுது. அந்தப் புள்ள கைய மடக்கிட்டாளேங்க” என்றாள். மறுநாள் அவளே டாக்டரிடம் கிளம்பினாள்.

தோல் டாக்டர் பிரேமலதா வண்ணார்பேட்டையில் பார்க்கிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பேனா மாதிரி ஒரு விளக்குக் கண்ணாடியை டெபோராவின் கன்னத்தில் பட்டும் படாமலும் பிடித்தார். மேசை மேலிருந்த திரையில் அவள் கன்னம் பெரிதாகத் தெரிந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். சிவப்புச் சிவப்பாகக் கோடுகள், கிளை பிரிந்து, அந்தக் கிளையும் பிரிந்து, வயலுக்குள் வாய்க்கால் பாய்கிற மாதிரி. இத்தனை வருடம் பக்கத்தில் இருந்து பார்த்த முகம். அதற்குள் இப்படி ஒரு பாசனம் நடப்பது எனக்குத் தெரியாது.

“இந்த ரத்தக் குழாயெல்லாம் வெளிய தெரியவே கூடாது” என்றார் டாக்டர். “நீங்க போட்டது வீரியமான ஸ்டீராய்டு. தோலை மெலிச்சிட்டு. சிவப்பையும் வீக்கத்தையும் அமுக்கி வெச்சிருந்துச்சு, நீங்க விட்டதும் எல்லாம் சேந்து எந்திரிச்சிட்டு. ரோசேசியான்னு ஒரு தோல் நோய் உண்டு, அது களிம்பால வந்தா இப்படித்தான் இருக்கும்.”

“அப்ப நான் விட்டது தப்பா டாக்டர்?” டெபோரா கேட்டாள்.

“விட்டதுதான் சரி. யார்ட்டயும் கேக்காம தனியா விட்டுட்டு, வலிய ஜெபத்துல வெச்சிக்கிட்டு உக்காந்தீங்கல்லா, அதுதான் தப்பு. இது தண்டனை இல்லம்மா. மருந்தோட வேலை.”

டெபோரா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோளிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன்.

“இனி மேல பூசி ஒண்ணும் தர மாட்டேன். மருந்து உள்ளுக்குத்தான்” என்று டாக்டர் டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதினார். “சாப்பிட்ட பொறவு ஒரு பெரிய டம்ளர் தண்ணியில போடணும். போட்டதும் படுக்கக் கூடாது. பாலோட போடக் கூடாது. வெயில்ல கொடை இல்லாம எறங்கக் கூடாது. பைய பைய மாறும், மாசக் கணக்காவும். அவசரப்படக் கூடாது.”

கடைசியாகச் சொன்னதை என்னைப் பார்த்துச் சொன்னார். ஒரே சந்திப்பில் ஆளை அளந்துவிட்டார்.

“வயித்துக்குள்ள போடுத மாத்திரைக்குக் கன்னத்துக்கு வழி எப்படி டாக்டர் தெரியும்?” என்று கேட்டேன். கிண்டலுக்குக் கேட்கவில்லை.

அவர் சிரித்தார். “வழி தெரியாது அண்ணாச்சி. ரத்தத்துல கலந்து ஒடம்பு முழுக்கப் போவும். எங்க வீக்கம் கெடக்கோ அங்கன வேலை செய்யும்.”

எனக்கு அது அதிசயமாகவே இருந்தது. ஒரு மிளகாய் விதை அளவு மருந்து, கால் பெருவிரல் முதல் உச்சந்தலை வரை கதவு கதவாகத் தட்டிக்கொண்டு போய், இந்தக் கன்னத்தில் வந்து வேலையைத் தொடங்குகிறது. நாம் இங்கே உட்கார்ந்து விலை பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் ஒரு மாதம் முடியப்போகும்போதும் முகம் அப்படியே இருந்தது. எரிச்சல் கொஞ்சம் மட்டுப்பட்ட மாதிரி தோன்றும், மறுநாள் திரும்பி வரும். ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறன்று கோயிலுக்குப் போய்விட்டு வந்து, டெபோரா பீரோவைத் திறந்து அந்த ட்யூபை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஒரே ஒருக்கப் போட்டா நாளைக்கே அடங்கிரும்” என்றாள். “பள்ளிக்கூடம் லீவு விடப்போறாங்க. லீவுக்கு ஊருக்குப் போனா அந்த மூச்சு நடுக்கமும் மறந்துரும் கலைச்செல்விக்கு. என் அழகுக்காகக் கேக்கலைங்க.”

எனக்குத் தெரியும். அதுதான் பயமாக இருந்தது. அழகுக்காகக் கேட்டால் நான் கத்தித் தடுத்திருப்பேன். ஒரு பிள்ளைக்காகக் கேட்கிறவளிடம் என்ன சொல்வது? என் வாழ்க்கையில் முதல்தடவையாகக் குரலைத் தாழ்த்தி, “டாக்டர்ட்ட ஒருக்கப் போயிட்டு வருவோம். பொறவு நீ பூசு, நான் தடுக்கல” என்றேன்.

டாக்டர் மாத்திரை போடும் விதத்தை ஒன்றொன்றாகக் கேட்டார். சாப்பாட்டுக்குப் பிறகுதான். படுக்கவில்லை. பால் தொடவே இல்லை.

“தண்ணியிலதானே போடுதீங்க?”

“இல்ல டாக்டர், மோர்ல” என்றாள் டெபோரா.

என் மாமியார் ஜெபகனி டீச்சர் அடுத்த தெருவில்தான் இருக்கிறார். இங்கிலீஷ் மாத்திரை என்றால் சூடு என்பது அவர் கட்சி. பால் கூடாது என்று சொன்னவுடன், “பால்தானே வேண்டாம்னாவ, மோரு வேறல்லா, குளிர்ச்சி” என்று ஒரு செம்பு கெட்டி மோர் தினமும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். மகளும் தாய் சொல்லைத் தட்டவில்லை.

டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “மோரும் பால்தாம்மா. அதுல இருக்க சுண்ணாம்புச் சத்து மாத்திரையப் பிடிச்சு வெச்சிக்கிடும். பாதி மருந்து ரத்தத்துக்கே போயிருக்காது.”

டெபோரா சிரித்தாள். சிரித்தால் கன்னம் வலிக்கும், இருந்தும் சிரித்தாள். பல வாரத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டேன். கைப்பையிலிருந்து ட்யூபை எடுத்து மேசை மேல் வைத்து, “இது இங்கனயே இருக்கட்டும் டாக்டர். வீட்டுல இருந்தா கை போவுது” என்றாள்.

பள்ளி லீவு விட்டார்கள். கலைச்செல்வியை அவள் அப்பா வந்து கூட்டிக்கொண்டு போனார். பிள்ளை எல்லா டீச்சரையும் தொட்டு விடை சொன்னாள். டெபோராவிடம் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தலையை ஆட்டிவிட்டுப் போனாள். டெபோரா அதைச் சொல்லும்போது அழவில்லை. அழாதது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மாத்திரை வெறும் தண்ணீரில் இறங்க ஆரம்பித்தது. நான் தினமும் முகத்தைப் பார்த்துப் பார்த்து, “இன்னைக்குத் தேவலையா” என்று கேட்டு அவள் உயிரை வாங்கினேன். முதலில் எரிச்சல் போனது. ஈஸ்டர் கழிந்து ஒருநாள் சூடான குழம்பை ஊதாமல் சாப்பிட்டாள், இருவரும் கவனித்தோம். பிறகு கொப்புளம் வற்றியது. சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் குடைக்குள்ளேயே அந்த மாதத்தைக் கழித்தாள். ஒருநாள் காலையில் ஜன்னல் பக்கம் நின்று தலை சீவிக்கொண்டிருந்தாள், மூக்கு அதன் சொந்த நிறத்தில் இருந்தது. மூக்குக்கு ஒரு நிறம் உண்டு என்பதையே நான் மறந்திருந்தேன்.

அடுத்த முறை டாக்டர் அதே கண்ணாடியைப் பிடித்தார். திரையில் வாய்க்கால்கள் பெரும்பாலும் உள்ளே அடங்கியிருந்தன. ஒன்றிரண்டு மட்டும் மெல்லிசாகத் தெரிந்தது. அதுகள் அப்படியே இருந்துவிடலாம் என்றார் டாக்டர். பழைய மங்குகூட மெல்லத் தலைகாட்டியிருந்தது. அதைப் பார்த்து, வெளியூர் போயிருந்த சொந்தக்காரன் வந்த மாதிரி நாங்கள் இருவரும் சந்தோஷப்பட்டோம். யாரும் வெட்டவில்லை, தைக்கவில்லை. கிழிந்த வேட்டி தன்னைத்தானே நெய்துகொண்டது என்று சொன்னால் நம்புவார்களா? தோல் அதைச் செய்திருந்தது. அன்று டாக்டர் அறையில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. திறந்த அன்று பிள்ளைகளுக்குக் கொடுக்க இரண்டு சீப்பு கதலிப்பழம் எடுத்துக்கொண்டு மத்தியானம் போனேன். வகுப்பு வாசலில் நின்றேன். டெபோரா சின்ன நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து கன்னத்தில் கை வைத்துவிட்டுப் போனார்கள். கலைச்செல்வி மட்டும் சுவரோரம் இரண்டு கையின்மேலும் உட்கார்ந்திருந்தாள். லீவில் ஒரு பல் விழுந்திருந்தது.

டெபோரா அவளைக் கூப்பிட்டாள். வந்தாள், ஆனால் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். டெபோரா கையால் ஒன்றும் சொல்லவில்லை. தன் உள்ளங்கையை எடுத்துத் தன் கன்னத்தில் அழுத்தி வைத்து, எடுத்தாள். கன்னத்தில் விரல் தடம் சிவப்பாக விழுந்தது. பிள்ளையின் முகம் வெளிறிவிட்டது. ஏன் இப்படிச் செய்கிறாள், மறுபடி வந்துவிட்டால் என்ன ஆகும்?

டெபோரா அசையாமல் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலிக்கவில்லை, அதனால் அந்த முகத்தில் வலி இல்லை. சிவப்பு மங்கியது. விரல் தடம் ஒவ்வொன்றாகக் கரைந்தது. கன்னம் கன்னமாகிவிட்டது. தானாகப் போயிற்று.

கலைச்செல்வி கிட்டே வந்தாள். ஒரே ஒரு விரலை எடுத்து டீச்சரின் கன்னத்தில் வைத்து அழுத்தினாள். எடுத்துப் பார்த்தாள். வெள்ளையாக ஒரு புள்ளி, பிறகு சிவப்பு, பிறகு ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினாள். மறுபடி போனது. அந்தப் பல் இல்லாத வாயால் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முழுக் கையையும் விரித்து வைத்தாள்.

டெபோரா உதட்டை மூடி ‘ம்’ என்றாள். பிள்ளை மற்றக் கையைத் தன் கன்னத்துக்குக் கொண்டுபோனாள். லீவில் மறந்துபோகும் என்று டெபோரா பயந்த அந்த மூச்சு நடுங்கியது. நடுங்கி, நின்று, மறுபடி நடுங்கி, அதற்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. தொழுவத்தில் கன்றுக்குட்டி முனகுகிற மாதிரி, கரகரவென்று, நீளமாக. ஆறு வருடம் அந்தத் தொண்டைக்குள் இருந்த குரல். தன் கன்னம் அதிர்வதை உணர்ந்து பிள்ளையின் கண் விரிந்தது, அவள் அதை நிறுத்தவில்லை.

ஏலத்தில் ஊரையே கத்தி மடக்குகிறவன், மூச்சு விடவும் பயந்து பழச்சீப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடித்தது. அந்த அறையில் அது டெபோராவுக்கும் எனக்கும் மட்டும்தான் கேட்டது. நாங்கள் இருவரும் அசையவில்லை.